அரைப் பெட்டியை அழித்தவர்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வந்தபோது நான் கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். மர்ஹூம் அசன் லெப்பை அவர்களின் மகன் முகம்மது ரபாய்தீன் காலமானார் என்றார்கள். ரபாய்தீன் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கச்சி, "ஆரு ராத்தா மௌத்து?" என்று கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது, தகவல் நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர் என்று சேர்த்துச் சொன்னார்கள். அப்போதுதான் விளங்கியது. "அடியே, அது நம்மட பீட்டா நானாடி" என்றேன். வயதுக்கு மூத்தவர் என்பதால் நானா. பீட்டா என்ற பெயரை அவருக்கு வைத்ததே நான். அவருடைய சொந்தப் பெயரை ஊரே மறக்கும்படி செய்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் ஓதவேண்டியதை நான் ஓதவில்லை. கையெல்லாம் கணவாய் மையோடு, "போய்ச் சேந்திட்டானா" என்றுதான் என் வாயிலிருந்து வந்தது. ஓத வேண்டியதைப் பிறகு ஓதினேன். ஆனால் முதலில் வந்தது அதுதான். அவர் உயிரோடு இருந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மௌத்தானவர்களின் நல்லதை மட்டும் பேசவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சங்கத்துக்காரர் இந்த நினைவிதழுக்கு எழுதச் சொன்னபோதும், "பர்ஸானா, கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்றுதான் சொன்னார்கள். பார்த்துத்தான் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள்தான் இதை வாசிக்கப்போகிறீர்கள். நீங்கள் எல்லாரும் அவரிடம் ஒரு முறையாவது ஏச்சு வாங்கியவர்கள். அவரைத் தங்கமான மனிதர் என்று நான் எழுதினால் நீங்கள் என்னைத்தான் பொய்க்காரி என்பீர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்து, குறிஞ்சிப்பிட்டிக்கு அப்பால் களப்போரமாக ஓலைக்கொட்டில் போட்டுக் குந்தியவர்கள். யுத்தம் முடிந்த பிறகு பாதிப்பேர் திரும்பிப் போவதா இங்கேயே இருப்பதா என்று தினமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் தகவல் நிலையம் வந்தது. ஒரு மண்டபம், மூன்று கம்ப்யூட்டர், சுற்றும்போது ஆடும் ஒரு விசிறி. கம்ப்யூட்டர்களைப் பார்க்க நானா, வரும் கடிதங்களை வாசிக்க நான். முழுக் குடியேற்றத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மெயில் விலாசம். அதன் பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பாஸ்போட் இலக்கத்தோடு அதையும் பாடமாக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள்.

எங்கள் பெண்கள் மெயில் எழுதும் விதம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. போன இடத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் கிடைத்தால், எங்கள் விலாசத்துக்குள்ளேயே நுழைவார்கள். அதற்குள்தான் இருக்கிறார்கள், பிறகு யாருக்கு அனுப்புவது? மேலே உம்மாவின் பெயரை எழுதி, சொல்லவேண்டியதை எழுதி, அனுப்பாமல் அப்படியே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அனுப்பாத கடிதங்கள் சேரும் இடத்தில் அது கிடக்கும். அதற்கு நாங்கள் அரைப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உம்மாமார் மண்டபத்துக்கு வருவார்கள். நான் அரைப் பெட்டியைத் திறந்து, பெயர் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவேன். வெள்ளிக்கு முன்னால் திறக்கமாட்டேன். உரியவர் இல்லாமல் வாசிப்பது நம்பி ஒப்படைத்த அமானிதத்துக்குத் துரோகம். சபையில் வாசிக்கக்கூடாத விஷயம் என்றால் உம்மாவை மட்டும் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள் சொல்வேன். எங்கள் ஒழுங்கு அதுதான்.

ரபாய்தீன் நானாவுக்கு அந்த அரைப் பெட்டியைக் கண்ணிலும் காட்டக்கூடாது. "அனுப்பாத கடிதம் கடிதமே இல்ல. அது குப்ப" என்பார். பெண்களுக்கு ஆளுக்கொரு விலாசம் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று கூட்டத்தில் கத்துவார். சரியான கதைதான். ஆனால் சொல்லும் விதத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். "மாட்டுக்குச் சூடு போட்டாலும் தன்ட குறி எதெண்டு அது பழகிரும். உங்களுக்குப் பழக்க ஏலாது" என்று உம்மாமாரைப் பார்த்துச் சொன்னவர் அவர். பேரப்பிள்ளை கண்டவர்களைப் பார்த்து! அன்றைக்குச் செருப்பைக் கழற்றிய கைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். என் கையும் அதில் ஒன்று.

ஒரு நாள் ஒரு தகப்பன் வந்தார். கட்டாரில் இருக்கும் மகன் மறுமொழி போடுவதில்லை, மெயில் போய்ச் சேருதோ என்று பார்க்கச் சொன்னார். நானா பார்த்தார். "போய்ச் சேருது. திறந்து வாசிக்கிறான். வாசிச்சிட்டு மூடுறான். அவனுக்கு நீங்க தேவயில்ல" என்றார். அந்த மனிதர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனார். நான் நானாவோடு சண்டைக்குப் போனேன். "லைன் பிழையெண்டு சொன்னா வாய் வெந்திருமா?" என்று கேட்டேன். "லைன் பிழயெண்டா ஒவ்வொரு கிழமயும் வருவாரு. உண்மயச் சொன்னா ஒரு நாளோட முடியும்" என்றார். அந்தத் தகப்பன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. நானா அதைத் தன் வெற்றியாகச் சொல்லித் திரிந்தார்.

மனிதர்களை இப்படி வதைத்தவருக்கு இயந்திரத்தின் மேல் இருந்த ஆசையைப் பார்க்கவேண்டும். மெயில் மென்பொருளில் புதியது வந்தால் அன்றைக்கே அவருக்கு வேண்டும். அதுவும் முடிந்து வந்த பதிப்பு காணாது. செய்து முடிப்பதற்கு முன்னால், பாவித்துப் பார்த்துப் பிழை சொல்லுங்கள் என்று வெளியே விடுவார்களே, பீட்டா என்று, அதுதான் வேண்டும். "பழசு ஓடுதெண்டு சொல்லாதீங்க. அது ஓடல்ல, நொண்டுது" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

ஒரு வியாழக்கிழமை காலையில், மூன்று கம்ப்யூட்டருக்கும் புதிய பீட்டாவைப் போடப்போவதாக அறிவித்தார். நாளைக்கு வெள்ளி, வாசிக்கிற நாள், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கேட்கவில்லை. "அப்ப என்ட மெஷினத் தொடாதீங்க" என்று என் மேசைக்கு முன்னால் குறுக்கே நின்றுவிட்டேன். அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. குனிந்து என் கம்ப்யூட்டருக்கு வரும் இணைய வயரை உருவி, சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "பழசு தானே வேணும்? வச்சிக்க. தட்டச்சு மெஷினா வச்சிக் கடுதாசி அடி. கதிரயச் சூடாக்கிறத விட வேற என்னத்தத்தான் செஞ்சா நீ?" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று கல்பிட்டி பஸ் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பீட்டா ஏறியது. ஏறி, உருண்டது. மென்பொருளைத் திறந்தால் அரை நிமிடம் வெள்ளையாக நின்றுவிட்டு மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் திரும்ப மூடிக்கொள்ளும். பீட்டாவைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டார். பழையது, இந்தப் பெட்டிகளைப் புதியவன் தொட்டிருக்கிறான், நான் திறக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. திரும்பவும் பீட்டா. எங்கே சிக்குகிறது என்று ஒவ்வொரு பெட்டியாக நிறுத்திப் பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்தார்: அரைப் பெட்டியில் கிடந்த கடிதங்களில் யாருக்கு என்ற விலாசமும் இல்லை, தலைப்பும் இல்லை. அந்தக் குறைப்பட்ட கடிதங்களைப் புதிய அமைப்புக்கு மாற்றத் தெரியாமல்தான் பீட்டா விழுந்துகொண்டிருந்தது.

அவர் செய்ததைச் சொல்கிறேன். மெயிலையெல்லாம் தூரத்தில் வைத்திருக்கும் சேவரில் நேரே நுழைந்து, அரைப் பெட்டியில் இருந்த அத்தனையையும் ஒரேயடியாக அழித்தார். ஒன்றையாவது திறந்து பார்த்தாரா? இல்லை. மென்பொருள் திறந்துகொண்டது. மூன்று கம்ப்யூட்டரில் இரண்டு புதுப்பெண் மாதிரி மினுங்கின. "பாத்தியா? குப்பயக் கூட்டினா வீடு வெளிச்சம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனார்.

மறுநாள் அசருக்கு உம்மாமார் வந்து குந்தினார்கள். எதுவும் இல்லை என்று நான் சொன்னபோது நம்பவில்லை. அழிந்துபோயிற்று என்றேன். முணுமுணுத்தார்கள், ஏசினார்கள், அடுத்த கிழமை எழுதுவார்கள்தானே என்று எழும்பிப் போனார்கள். நானா கதவடியில் நின்று, "இனியாவது அனுப்பப் பழகுவாங்க" என்றார்.

சுபைதா மாமி மட்டும் அடுத்த நாளும் வந்தார். அவருடைய மகள் சிபானா, ஓர் அரபு வீட்டில் வேலைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல். கொஞ்சக் காலமாகத் தொலைபேசி இல்லை. அவளை அனுப்பிய புத்தளம் ஏஜென்ட், அவள் வேலை வீட்டை விட்டு யாரோ ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று ஊரில் கதை பரப்பியிருந்தான். ஓடியவளுக்கு ஏஜென்சி பொறுப்பில்லை. வேறு வீட்டுக்கு மாற்றினார்களா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவும் மாட்டான். தூதரகத்துக்குச் சொன்னால், எந்த வீடு, எந்தத் தெரு என்று கேட்டார்கள். அது யாருக்குத் தெரியும்? அன்று காலை சிபானாவோடு போன இன்னொரு பெண் மாமிக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். "சிபானா இரிக்கிற வீட்டு விலாசத்த அரப் பெட்டிக்குள்ள எழுதிப் போட்டிரிக்காளாம் மாமி. கெதியாப் பாருங்க. அவள்ட நெலம சரியில்ல" என்றிருக்கிறாள்.

"மெஷின் திண்டிட்டு மாமி" என்றேன். வேறு என்ன சொல்வது? மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நானா எழும்பினார். "மெஷின் திங்கல்ல. நான்தான் அழிச்ச. வாசிக்காம அழிச்ச" என்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இந்த மனிதனுக்குப் பொய் சொல்ல வராது என்பதை அன்றைக்கு நான் ஒரு குணமாக எடுக்கவில்லை. இன்றைக்கும் அரைமனதோடுதான் எடுக்கிறேன்.

மாமி அழவில்லை. முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தினார். "யா அல்லாஹ், என்ட புள்ளட கடுதாசிய அழிச்ச இந்தக் கை விளங்காமப் போகட்டும். இவன்ட ஊட்லயும் ஒரு கடுதாசி வராமப் போகட்டும்" என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். மாமி அதோடு போகவுமில்லை. நானாவின் மேசைக்கு நேரெதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டார். காலையில் வருவார், மூடும்போது போவார். ஒரு சொல் பேசமாட்டார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார்.

நானா தேடினார். எல்லா வழியும் பார்த்தார். சேவரில் இல்லை. புதியது போடப்பட்ட இரண்டு கம்ப்யூட்டரும் சேவரைப் பார்த்துத் தாங்களும் அழித்துக்கொண்டுவிட்டன. பீட்டா செய்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நீளமாக எழுதினார். அவர்கள், முக்கியமான கடிதங்கள் உள்ள இடத்தில் பீட்டாவைப் போடாதே என்று முதல் பக்கத்திலேயே எச்சரித்திருந்தோமே, உனக்கு வாசிக்கத் தெரியாதா என்று மறுமொழி போட்டிருந்தார்கள். அதை அவர் என் முன்னால் வாசித்தார். நான் சிரித்தேன். வேண்டுமென்றுதான் சிரித்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை நடுவில் சங்கத் தலைவர் வந்து, பர்ஸானாவுக்கு வேலை நடக்கவில்லை, அவளுடைய வயரைக் கொடு என்று நானாவுக்குக் கட்டளை போட்டார். நானா பைக்குள்ளிருந்து வயரை எடுத்து, நாய்க்கு எலும்பு போடுகிற மாதிரி என் மேசையில் எறிந்தார். நான் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, வயரைச் செருக மேசைக்குக் கீழே குனிந்தேன். பின்னால் கதிரை விழுகிற சத்தம் கேட்டது. "தொடாத! செருகாத! அல்லாவுக்காகச் செருகாத!" என்று கத்திக்கொண்டு வந்து என் கையை மணிக்கட்டோடு பிடித்தார். அந்நியப் பெண்ணின் கையைப் பிடிக்கிறோம் என்ற நினைவுகூட அவருக்கு இருக்கவில்லை.

எனக்கும் அப்போதுதான் ஓடி விளங்கியது. வியாழக்கிழமை அவர் வயரைப் பிடுங்கியதிலிருந்து என் கம்ப்யூட்டர் வெளியே யாரோடும் கதைக்கவில்லை. அழித்த செய்தி அதற்குப் போய்ச் சேரவேயில்லை. வயர் இல்லாததில் என்ன இருக்கப்போகிறது என்று நாங்கள் இருவரும் அதைத் திறந்து பார்க்கவுமில்லை. பிடுங்குவதற்கு முன்னால் அது இழுத்து வைத்திருந்த அரைப் பெட்டி அப்படியே உள்ளே இருக்கும். வயர் ஏறினால் ஒரு நொடியில் அதுவும் சேவரைப் பார்த்து அழித்துவிடும். என்னைக் கேவலப்படுத்துவதற்காக அவர் செய்த வேலைதான் அந்தப் பிள்ளையின் கடிதத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது.

"எழும்பு" என்றார். நான் எழும்பவில்லை. "மனிசன் கேக்கிற மாதிரிக் கேளுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எதிரே சுபைதா மாமி இருக்கிறார், தலைவர் நிற்கிறார். "தங்கச்சி, கொஞ்சம் எழும்பித் தாங்க" என்றார். அவர் வாயில் தங்கச்சி என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல். "இன்னொருக்கா" என்றேன். "போதும் புள்ள" என்று சுபைதா மாமி சொன்னார். எழும்பிக் கொடுத்தேன். அவரை ஒரு முறையாவது கேட்கவைத்தேன் என்பதில் எனக்கு இன்றும் ஒரு வருத்தமும் இல்லை.

கடிதம் இருந்தது. மேலே "சுபைதா உம்மாவுக்கு" என்று இருந்தது. வாசிக்கிறவள் நான். நான் கையை நீட்டுவதற்கு முன்னால் அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார், அதுவும் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற குரலில். ஏஜென்ட் மாற்றிவிட்ட வீட்டின் இலக்கம், தெரு, எதிரே இருக்கும் மருந்துக்கடை, மாடியில் அவளைப் பூட்டி வைத்திருக்கும் அறை. சம்பளம் தரவில்லை. வீட்டுக்காரி கொதிதண்ணீரைக் கையில் ஊற்றியதால் விரல் மடங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வரி எனக்கு எழுதியது. "ராத்தா, இதுக்குப் பொறகு எழுதிறத உம்மாக்கு வாசிக்க வேணாம். ஆருக்கும் வாசிக்க வேணாம். நீங்க மட்டும் அறிஞ்சிக்கங்க" என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியையும் அவர் வாசித்தார். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். திரையை மறைத்தேன். என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு மீதியையும் வாசித்தார். அந்த வீட்டுக்காரன் இரவில் அறைக்கு வருவதைப் பற்றி அவள் எழுதியிருந்ததை, சொல்லுக்குச் சொல் வாசித்தார். மண்டபம் நிறைந்த சனம். யன்னலடியிலும் ஆட்கள். சுபைதா மாமி கதிரையை விட்டு எழும்பி வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றார். "விலாசத்த இன்னொருக்கா வாசி" என்றார். நானா வாசித்தார். மாமி உதட்டை அசைத்து அதைப் பாடமாக்கினார்.

"உனக்கு ஈவு இரக்கம் இல்லயாடா? அந்தப் புள்ள கெஞ்சி எழுதியிருக்கே" என்று நான் அன்றைக்கு அவரை வயது பாராமல் ஏசினேன். "ஓடிப் போயிட்டாளெண்டு ஏஜென்ட் ஊர் முழுக்கச் சொல்லியிரிக்கான். ஊர் முழுக்கத்தான் கேக்கோணும். உன்ட காதுக்குள்ள சொன்னா அவன் அதயும் பொய்யெண்டுவான்" என்றார். அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம்.

அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதித் தூதரகத்துக்கு அனுப்பிவிட்டு, மூலத்தின் பிரதியோடு அவர் புத்தளத்துக்கு பஸ் ஏறினார். ஏஜென்டின் கடையில் பாஸ்போட்டும் கையுமாகப் பெண்கள் வரிசையில் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் போய் ஒரு கதிரையில் இருந்துகொண்டு சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்து, "அடுத்த ஆள் ஆரு? உங்கட கடுதாசியயும் நான்தான் வாசிப்பன்" என்றார். பெண்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். ஏஜென்டின் ஆட்கள் அவரைத் தூக்கித் தெருவில் போட்டார்கள். மறுநாளும் போனார். உதடு வீங்கி, சேட் கிழிந்து வந்தார். அதற்கு அடுத்த நாளும் போனார். தெருவில் நின்று வாசித்தார். பொலிசில் பிடித்துக் கொடுத்தார்கள். அங்கேயும் வாசித்தார். கடைக்கு ஆள் வருவது நின்ற பிறகுதான் ஏஜென்டுக்கு அந்த வீட்டின் தொலைபேசி இலக்கம் ஞாபகம் வந்தது. தூதரகமும் அந்தத் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டியது. கல்லுக்கும் கரைச்சல் கொடுக்கிற வாய் அது. அன்றைக்கு அது தேவையான இடத்தில் போய் விழுந்தது.

சிபானா திரும்பி வந்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. உயிரோடு வந்தாள், அல்ஹம்துலில்லாஹ். வந்தவளைப் பார்க்கப் போன சனம் அவள் விரலைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அந்தக் கடிதம் பாடம். கனமூலையில் அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், ஒரு தட்டு வாழைப்பழமும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார்கள். ஒருவரும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. நானா பாங்குக் குரலில் வாசித்ததையெல்லாம் அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு வந்த சம்பந்தம் எதுவும் வாசல் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவள் இப்போது கருவாடு காயப்போடும் வாடியில் வேலை செய்கிறாள். கெட்டிக்காரி. இடது கையால் கத்தி பிடிக்கப் பழகிவிட்டாள்.

நானா மன்னிப்புக் கேட்டாரா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் அவள் வீட்டுப் படலையடிக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன். படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "பாஸ்வேர்ட மாத்திட்டன். இனி ஒவ்வொருத்தருக்கும் வேற வேற விலாசம். ஒருத்தர்ட கடுதாசிய இன்னொருத்தருக்குத் திறக்க ஏலாது. என்னாலயும் ஏலாது" என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த பாஷை அது. சிபானா கதவைச் சாத்தினாள். அவர் கொஞ்ச நேரம் படலையின் கம்பியை நேராக்கிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

பிறகு நானாவுக்கு இரத்தத்தில் சீனி வருத்தம் முற்றியது. முதலில் விரல், பிறகு கால். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "கழட்டிட்டாங்க. திரும்பப் போடுற வசதி இல்லயாம்" என்றார். தாதியைப் பார்த்து, நீ ஊசி போடுகிறாயா கிணறு தோண்டுகிறாயா என்று கேட்டார். அவள் போன பிறகு குரலைத் தணித்து, "சிபானா என்னப் பத்திக் கேட்டாளா?" என்றார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு அதுகூட இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். "இல்ல" என்றேன். அவரும் பொய்யை எதிர்பார்த்திருக்கமாட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொண்டுபோன பேக்கரிப் பாணையும் பருப்பையும் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனாஸா வீட்டுக்குப் போனோம். பெண்கள் உள்ளே, ஆண்கள் முற்றத்தில். சுபைதா மாமி என் வலப்பக்கம், சிபானா இடப்பக்கம். அவள் வந்ததே எனக்கு ஆச்சரியம். தூக்குவதற்கு முன்னால், எங்கள் வழக்கப்படி, அவருடைய மகன் திரைக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தான். "எங்கட வாப்பா உங்கள்ல ஆருக்காவது அநியாயம் செஞ்சிருந்தா, மனச நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சு ஹலாலாக்கிருங்க." முற்றத்தில் ஆண்கள், "ஹலால், ஹலால்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. சாதாரணமாகப் பெண்கள்தான் முதலில் சொல்வார்கள். மகன் இரண்டாம் முறையும் கேட்டான். அவன் குரல் உடைந்தது.

சுபைதா மாமி தொண்டையைச் செருமினார். "என்ட பங்கு ஹலால் மகன்" என்றார், முற்றத்துக்கும் கேட்கும்படி. "நான் வாப்பாக்கு எறிஞ்ச சொல்லயும் அல்லாஹ் மன்னிக்கட்டும். என்ட மகள்ட பங்க நான் சொல்ல ஏலாது. அது அவள்ட."

எல்லாத் தலையும் சிபானாவின் பக்கம் திரும்பியது. அவள் மடங்காத விரலை மற்றக் கைக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். என் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டாள். "அவர் வாசிக்காட்டி நான் வந்திரிக்க மாட்டன். அதெனக்குத் தெரியும். அதுக்காக நான் சொல்லித்தான் ஆகோணுமா ராத்தா?"

வெளியே ஆண்கள் கலிமா சொல்லி, உடல் இருந்த சந்தூக்கைத் தூக்கினார்கள். அது படலையைத் தாண்டும்வரை சிபானா வாய் திறக்கவில்லை. பெண்கள் அழத் தொடங்கினார்கள். நானும் அழுதேன், கோபத்தோடுதான் அழுதேன்.

எங்கள் இருவரையும் தவிர ஊரில் எல்லாரும் இப்போது ஹலாலாக்கிவிட்டார்கள். அவருடைய இரண்டு கம்ப்யூட்டரும் துருப்பிடித்துப் போய்விட்டன, அவர் போட்ட மென்பொருளெல்லாம் பழசாகிவிட்டது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். சிபானா ஹலால் என்று சொல்லும்வரை நானும் சொல்லமாட்டேன். என் பங்கு என்னிடம் இருக்கிறது.